சீனி வருத்தத்தை மறைத்துக் கையொப்பம் இடலாமா?

கேள்வி: கல்முனை வலயத்தில் ஓர் அரச பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வயது 41. கணவர் கடை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள், உம்மாவும் எங்களோடுதான். சம்பளத்தில் மாதாமாதம் அரச ஊழியர் காப்புறுதியான அக்ரஹாரவுக்கு வெட்டுகிறார்கள். அது போதாது என்று ஒரு கம்பனி முகவர் வீட்டுக்கு வந்து வைத்தியக் காப்புறுதி ஒன்றைக் காட்டினார். எனக்கு நாலு வருடமாகச் சீனி வருத்தம் என்று சொன்னேன். "அதையெல்லாம் எழுதத் தேவையில்லை டீச்சர், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. கையொப்பம் இடலாமா? இஸ்லாமிய முறைக் காப்புறுதியான தகாஃபுல் என்றால் இந்தச் சிக்கல் வராதா?
- ஆசிரியை, மருதமுனை

பதில்: சகோதரி, அந்தப் படிவத்தில் கையொப்பம் இட வேண்டாம்.

மற்ற வியாபாரம் போன்றதல்ல காப்புறுதி. உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும், கம்பனிக்குத் தெரியாது. ஆகவே முக்கியமான எதையும் மறைக்காமல் சொல்லும் கடமை உங்களுடையது. இங்கிலாந்தில் மான்ஸ்பீல்ட் பிரபு 1766இலேயே தீர்ப்பில் சொல்லிவைத்த கொள்கை இது. ஆயுள், தீக் காப்புறுதிகளுக்கு இங்கிலாந்துச் சட்டத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது சிவில் சட்டக் கட்டளைச் சட்டம்.

"முகவரிடம் சொல்லிவிட்டேனே" என்று கேட்பீர்கள். அதே கேள்வி 1929இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. நியூஸ்ஹோம் சகோதரர்கள் என்ற பஸ் உரிமையாளர்கள் முகவரிடம் உண்மையைச் சொன்னார்கள். அவர் படிவத்தில் பிழையாக நிரப்பினார். அவர்கள் ஒப்பமிட்டுக் கொடுத்தார்கள். படிவத்தை நிரப்பும்போது அந்த முகவர் வேலை செய்தது ஒப்பமிட்டவர்களுக்காகவே, கம்பனிக்காக அல்ல என்று நீதிமன்றம் தீர்த்தது. கம்பனி பணம் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டு மேசையில் நடக்கவிருப்பதும் இதேதான்.

கம்பனி இதை எப்போது கண்டுபிடிக்கும்? தவணைப் பணம் வாங்கும் காலமெல்லாம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வைத்தியசாலையில் படுத்து, கிளேம் போட்ட பிறகுதான் தேடுவார்கள். டயக்னோசிஸ் கார்டில் பழைய நோய்கள் என்ற இடத்தில் 'நீரிழிவு, 4 வருடம்' என்று வைத்தியர் எழுதியிருப்பார். கிளினிக் கொப்பியில் முதல் திகதி இருக்கும். அந்த இரண்டு தாளும் உங்கள் கையொப்பத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

சீனி வருத்தத்தை எழுதினால் என்ன ஆகும்? தவணையைக் கூட்டலாம், காத்திருப்புக் காலம் போடலாம், சீனியோடு தொடர்புள்ள சிகிச்சையை விலக்கலாம். எதுவானாலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தமிழில் விளக்கம் தராதவரை பேனாவைத் தொடாதீர்கள்.

தகாஃபுலிலும் இந்தக் கடமை அப்படியே இருக்கிறது. அங்கே உங்கள் பணம் பொது நிதிக்கு நன்கொடையாகப் போகிறது. ஆனால் தகாஃபுல் கம்பனிகளும் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டத்தின் கீழேயே இயங்குகின்றன. குறையை மறைப்பதை மார்க்கமும் அனுமதிக்கவில்லை. எது ஆகும், ஆகாது என்பதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். அது என் துறை அல்ல.

இனி, கையில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். அக்ரஹாரவை நடத்துவது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். உங்கள் கணவரும் பிள்ளைகளும் அதில் சேர்கிறார்கள். அரச வைத்தியசாலையில் தங்கினால் நாட்கணக்கில் ஒரு தொகை உண்டு. பிரசவத்துக்கும் கண்ணாடிக்கும் உண்டு. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றுவிட்டு, இந்தப் பணத்தைக் கேட்காமலே விடும் ஆசிரியர்களைப் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன். அது உங்கள் சம்பளத்தில் வெட்டிய பணம். கூடுதல் சந்தாவுக்கு வெள்ளி, தங்கம் என்ற திட்டங்களும் இருக்கின்றன. முகவருக்குக் கொடுக்க நினைத்த தொகையோடு அவற்றை முதலில் ஒப்பிடுங்கள். உம்மா மட்டும் இதில் வரமாட்டார். பெற்றோர் சேர்வது மணமாகாத அலுவலருக்கே. அவருக்காக மாதம் ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி வைப்பது நல்லது.

அக்ரஹார கிளேம் இழுபட்டால் தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பு தரும் உரிமை அது. பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனியார் கம்பனியோடு பிணக்கு என்றால், முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். அதற்குப் பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

நோயை மறைத்து ஏற்கெனவே ஒப்பமிட்ட வாசகர்கள் இருந்தால், இன்றே கம்பனிக்குப் பதிவுத் தபாலில் உண்மையை எழுதுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்து படுத்த பிறகு எழுதும் கடிதத்துக்கு மதிப்பில்லை.

டீச்சர், அந்த முகவர் மறுபடி வந்தால் கிளினிக் கொப்பியை மேசையில் வையுங்கள். சீனி வருத்தம் உண்டா என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள்.