ரோடு ஃபைட்டர் ஆட வருகிறவர்களுக்கு

மதுரை மீனாட்சி பஜாரிலிருந்து டிவி கேம் பெட்டிகள் மறுபடியும் திருமங்கலத்து வீடுகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. அப்பாக்கள் தங்கள் பள்ளிக்கூட நாள்களை நினைத்து வாங்குகிறார்கள். பிள்ளைகள் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று உட்காருகிறார்கள். பட்டியலில் மாரியோ, கான்ட்ரா, சர்க்கஸ் சார்லி எல்லாம் இருக்கும். ரோடு ஃபைட்டரைத் திறந்த வேகத்தில் மூடிவிடுகிறார்கள். ஒரு கார், ஒரு ரோடு, இரண்டு பட்டன். இதில் என்ன இருக்கிறது என்று தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் வண்டி நாலு தடவை வெடித்ததும் ரிமோட்டை வைத்துவிடுகிறார்கள். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கும், பல வருடம் கழித்துத் திரும்பி வருகிற அண்ணன்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1. இது எதற்காகச் செய்யப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானின் கொனாமி கம்பெனி 1984-இல் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரத்துக்காகச் செய்தது. அடுத்த வருடம் 1985-இல் வீட்டில் டிவியோடு இணைக்கும் ஃபேமிகாம் பெட்டிக்குக் கொண்டுவந்தார்கள். காசு இயந்திரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு காசுக்கு ஒருவர் அரை மணி நேரம் நின்றுவிட்டால் கடைக்காரருக்குக் கட்டாது. ஆகவே ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும். தோற்றவருக்கு ‘அடுத்த தடவை பிடித்துவிடுவேன்’ என்றும் தோன்ற வேண்டும். கஷ்டம் என்பது இதில் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஆனால் அநியாயமாக வைக்கப்படவில்லை. எந்த இடத்தில் அடிபட்டோம், ஏன் அடிபட்டோம் என்று யோசித்தால் ஒவ்வொரு தடவையும் காரணம் தெரியும்.

நம் ஊரில் நமக்குக் காசு இயந்திரம் வாய்க்கவில்லை. தொண்ணூறுகளில் மணிக்கணக்கில் வாடகை வாங்கும் வீடியோ கேம் கடைகள்தான் வாய்த்தன. சின்ன அறை, வரிசையாக டிவி, முன்னால் பெஞ்சு. ஜப்பானில் நன்றாக ஓட்டினால் அதே காசுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. இங்கே நன்றாக ஓட்டினாலும் மோசமாக ஓட்டினாலும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான். வெடித்தால் ரீசெட், மறுபடி ரீசெட். அப்படி ஒரு தலைமுறையே இந்த ஆட்டத்தை அவசரமாக ஆடிப் பழகிவிட்டது. இப்போது சொந்த வீட்டில் சொந்தப் பெட்டி. அவசரத்துக்குக் காரணமே இல்லை. என் முதல் கோரிக்கை, ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள். தொடக்கத்திலேயே வெடித்தாலும், அந்த ஓட்டத்தைப் பெட்ரோல் தீரும் வரை ஓட்டி முடியுங்கள்.

2. திரும்பி வருகிற அண்ணன்களுக்கு மட்டும் ஒன்று. ‘அப்போ நல்லா ஆடுவேன், இப்போ கை வரமாட்டேங்குது, வயசாயிருச்சு’ என்று பல பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வயதை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஜப்பான் டிவி நொடிக்கு 60 படம் காட்டும் முறையில் ஓடியது. நம் ஊர் டிவி 50 படம். தைவானிலும் சீனாவிலும் நகலாகச் செய்து இங்கே விற்ற பெட்டிகள் பெரும்பாலும் நம் டிவிக்கு ஏற்றபடி 50-இல் ஓடின. இந்த ஆட்டங்களெல்லாம் படத்துக்குப் படம் நகர்பவை. ஆகவே நாம் ஆடியது ஜப்பான்காரர் ஆடியதைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவான ஆட்டம். இன்றைக்கு செல்போனிலோ எச்டிஎம்ஐ பெட்டியிலோ அதே ஆட்டம் 60-இல் ஓடினால், உங்கள் நினைவில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம். சந்தேகம் இருந்தால் மாரியோவின் முதல் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். சுருதி அநேகமாக அப்படியே இருக்கும், தாளம் மட்டும் ஓடும். கை அதற்குப் பழகக் கொஞ்ச நாள் கொடுங்கள்.

3. டிவி விஷயம். பழைய குண்டு டிவியில் பட்டனை அழுத்திய கணமே வண்டி திரும்பியது. இப்போதைய எல்இடி டிவி படத்தை அழகுபடுத்திவிட்டுத்தான் காட்டும். அந்த அழகுபடுத்தலுக்குப் பத்தில் ஒரு நொடி ஆனால் ஆட்டத்தில் ஆறு படம் ஓடிவிட்டது என்று பொருள். செட்டிங்கில் ‘கேம் மோட்’ இருக்கும். அதைப் போட்டுவிட்டு ஆடுங்கள். இதைச் செய்யாமல் ஒருவரையும் ‘உனக்குக் கை மந்தம்’ என்று சொல்லாதீர்கள்.

4. அட்டத்திலிருந்து பழைய பெட்டியை எடுத்தவர்கள் கேசட்டை ஊதாதீர்கள். நாமெல்லாம் ஊதித்தான் ஓட்டினோம். அது ஓடியதற்குக் காரணம் கழற்றி மாட்டியதுதான், ஊதியது இல்லை. வாயின் ஈரம் பட்டுப் பட்டு செம்புப் பட்டைகள் பச்சை பிடிக்கும். செல்போன் ரிப்பேர் கடையில் ஐபிஏ என்று கேட்டால் துடைக்கிற ஆல்கஹால் கொடுப்பார்கள். பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்த 60 பட்டைகளையும் மெதுவாகத் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும் வரை. காய்ந்த பிறகு மாட்டுங்கள். அடாப்டர் தொலைந்திருந்தால் கையில் கிடைத்ததைச் செருக வேண்டாம். வோல்ட்டைப் பாருங்கள். பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று பெட்டியின் அடியில் போட்டிருக்கும் படத்தையும் அடாப்டரில் இருக்கும் படத்தையும் ஒத்துப் பாருங்கள். தெரியவில்லை என்றால் ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

5. இனி ஆட்டம். உங்கள் காரைப் பார்க்காதீர்கள்.

நான் சொல்வதில் பாதி இதுதான். புதிதாக ஆடுகிறவரின் கண்ணைக் கவனியுங்கள். திரையின் அடியில், தன் சிவப்புக் காரிலேயே இருக்கும். ஆபத்து வருவது மேல் விளிம்பிலிருந்து. அங்கே ஒரு வண்டியின் பின்பக்கம் தலைகாட்டுவதற்கும் அது உங்கள் பக்கத்தில் வருவதற்கும் நடுவில் இருக்கும் அந்தத் துளி நேரம் மட்டும்தான் உங்களுடையது. கண் அடியிலேயே இருந்தால் அதில் பாதி வீணாகிவிடும். உங்கள் கார் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும், கண் வேண்டியதில்லை. திரையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் பார்வையை ஊன்றுங்கள். முதல் இரண்டு நாள் இன்னும் மோசமாக ஆடுவீர்கள். அதன் பிறகு ரோடு அகலமானது போலத் தோன்றும்.

6. பட்டன். ஒன்று மெதுவான ஓட்டம், 200-ஐச் சற்றுத் தாண்டியதும் வேகம் ஏறுவது நின்றுவிடும். மற்றது 400 வரை இழுக்கும். எந்நேரமும் 400-இல் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கூட்டமாக வண்டிகள் வரும் இடத்தில் பட்டனை ஒரு கணம் விட்டுப் பிடிப்பவர்தான் கடைசி வரை போகிறார். நகல் பெட்டிகளின் ரிமோட்டில் டர்போ என்று இரண்டு பட்டன் கூடுதலாக இருக்கும்; சுடுகிற ஆட்டத்துக்கு அவை உதவும். இங்கே அவை பட்டனை விட்டு விட்டு அழுத்துவதால் வண்டி திணறும். தொடாதீர்கள்.

7. வண்டிகளின் குணம் நிறத்தில் இருக்கிறது. மஞ்சள் தன் பாட்டில் நேராகப் போகும். அதை நம்பித் தாண்டலாம். சிவப்பு நம்மை மறிக்க நம் பக்கம் நகரும். அதனால் அதன் நேர் பின்னால் போகாமல், அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இடம் வைத்துக்கொள்ளுங்கள். நீலம் அலைபாயும், அதைக் கணக்குப் போட முயலாமல், அதற்கு அகலமாக வழி விட்டுத் தாண்டுங்கள். லாரியை உரசினால் சறுக்கல் எல்லாம் கிடையாது, நேரே வெடிதான். பல நிறம் கலந்து மின்னுகிற கார் ஒன்று வரும். அதை மட்டும் இடிக்க வேண்டும். இடித்தால் பெட்ரோல் ஏறும்.

அந்தக் காரில்தான் பல பேர் போய்ச் சேர்கிறார்கள். அது ரோட்டின் ஓரத்தில் வரும், நடுவில் சிவப்புக் கார் இருக்கும், ஆசை விடாது. பெட்ரோல் பாதிக்கு மேல் இருக்கும்போது எட்டாத இடத்தில் வருவதை விட்டுவிடுங்கள். இந்த ஆட்டத்தில் மூன்று லைஃப், ஐந்து லைஃப் என்று எதுவும் இல்லை. பெட்ரோல்தான் உயிர். அந்த எண் 100-இலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஓட்டினாலும் நின்றாலும். பெயர் பெட்ரோல், வேலை கடிகாரம். ஒரு தடவை வெடித்தால் வண்டி மறுபடி பூஜ்யத்திலிருந்து வேகம் பிடிக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் எண் இறங்கும். ஒரு மின்னும் காருக்காக ஒரு வெடி என்றால் கட்டுபடியாகாது.

8. உரசிவிட்டால் பதறாதீர்கள். உரசல் வேறு, வெடிப்பு வேறு. பக்கவாட்டில் மஞ்சளோ சிவப்போ பட்டால் வண்டி மூக்கைத் திருப்பிக்கொண்டு ஓரத்துக்குச் சறுக்கும். சறுக்கி ரோட்டை விட்டு இறங்கினால்தான் வெடிக்கும். அதற்குள் சிறிது அவகாசம் இருக்கிறது. சறுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒரே ஒரு தட்டு தட்டினால் வண்டி நேராகிவிடும். பயத்தில் அழுத்திப் பிடித்தால் நேரான வண்டி மறுபக்கம் போய் மோதும். இதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்கலாம். முதல் ஸ்டேஜில் மெதுவான வேகத்தில் போய், வேண்டுமென்றே ஒரு மஞ்சள் காரை உரசி, தட்டி நிமிர்த்திப் பழகுங்கள். கட்டை விரல் அந்தத் தட்டைக் கற்றுக்கொண்ட பிறகு ஆட்டத்தின் பாதிப் பயம் போய்விடும். மற்ற எந்த யோசனையை மறந்தாலும் இந்தப் பயிற்சியை விடாதீர்கள். இதைச் செய்த பிள்ளைகள் முன்னேறுவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

9. வீட்டுப் பெட்டிக்கு வந்த ஆட்டத்தில் நாலு ஸ்டேஜ். இடம் மாறும்போது ரோட்டின் அகலமும் மாறும். ஆகவே நடுக்கோட்டை வீடாக வைத்துக்கொண்டு, தாண்டுவதற்கு மட்டும் விலகி, உடனே திரும்பி வாருங்கள். ஒரு ஓரத்தையே பிடித்துக்கொண்டு போகிறவருக்கு ஒதுங்க ஒரு பக்கம்தான் இருக்கும்.

10. வெடிக்காமல் வெகுதூரம் போனால் ரோட்டோரமாக ஒரு ஆள் மேல்நோக்கிப் பறந்து போவார். கடைகளில் நாங்கள் சூப்பர்மேன் என்று கத்துவோம். அவர் கொனாமி மேன், அந்தக் கம்பெனியின் சொந்தப் பாத்திரம். அவர் வந்தால் கூடுதல் புள்ளி. அவரைத் திரும்பிப் பார்க்கிற அந்த நொடியில்தான் லாரி வரும். பார்க்கலாம், சந்தோஷப்படலாம், கண்ணை மட்டும் மேலேயே வைத்துக்கொண்டு சந்தோஷப்படுங்கள்.

11. நம் ஊரைத் தொட்டுக்கொண்டு நிஜ ரோடு ஒன்று ஓடுகிறது. முன்பு என்எச் 7, இப்போது 44. காஷ்மீரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை. ராஜபாளையம் வழியாகக் கொல்லம் போகிற ரோடும் இங்கேதான் பிரிகிறது. கப்பலூர் டோல்கேட்டிலிருந்து தெற்கே லாரிகள் எந்நேரமும் வருகின்றன. லைசென்ஸ் எடுக்கிற வயதில் இருக்கிற தம்பிகளுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே எதிர்ப்பக்கம் தட்டினால் நிமிராது. பைக்கில் ஏறும்போது இந்த ஆட்டத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், தூரத்தைப் பார்க்கிற பழக்கத்தை. வேகத்தை டிவியிலேயே விட்டுவிடுங்கள்.

12. செல்போனில் ஆடுகிறவர்கள் நடுவில் ‘சேவ்’ பண்ணி, வெடித்ததும் அங்கிருந்தே தொடர்வதைப் பார்க்கிறேன். நாலாவது ஸ்டேஜ் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு தடவை செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் அப்படிப் போய்ச் சேர்ந்தவருக்கு நாலாவது ஸ்டேஜுக்கு வேண்டிய கண் இருக்காது. அந்தக் கண்ணை முதல் மூன்று ஸ்டேஜ்தான் கொடுக்கும். முழு ஆட்டமும் ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடியது. தொடக்கத்திலிருந்து ஆடுவதால் எவ்வளவு நேரம் போய்விடும்?

13. ஒருவர் ஆடும் ஆட்டம்தான் இது. இரண்டாவது ரிமோட்டுக்கு வேலை இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வையுங்கள். அப்பா ஆடும்போது மகள், மகள் ஆடும்போது அப்பா. பக்கத்தில் இருப்பவருக்கு ஒரே வேலை. மேல் விளிம்பில் தெரிவதை ஒரு சொல்லில் சொல்வது: ‘லாரி’, ‘செவப்பு’, ‘பெட்ரோல்’. ‘இடது பக்கம் திருப்பு, ஐயோ போச்சே’ என்று முழு வாக்கியம் பேசினால் ஆடுகிறவரின் கவனம் கெடும். ஒரே சொல்லில் சொல்லிப் பழகியவர் தன் முறை வரும்போது எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்று பாருங்கள். மேலே பார்க்கிற வேலையை அவர் ஏற்கெனவே கற்றுக்கொண்டிருப்பார்.

14. தொடக்கத்தில் லெவல் 1, லெவல் 2 என்று கேட்கும். லெவல் 1-இல் நாலு ஸ்டேஜையும் ஒரே மூச்சில் முடிக்கும் வரை இரண்டைத் தொடாதீர்கள். முடித்த பிறகு இரண்டுக்குப் போனால் புது ஆட்டம் போல இருக்கும்; மஞ்சளை நம்பி வளர்ந்த பழக்கத்தையெல்லாம் அங்கே மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அதையும் முடித்தவர்கள் என்னிடம் வாருங்கள். சர்க்கஸ் சார்லியில் சிங்கத்தின் மேல் உட்கார்ந்து நெருப்பு வளையம் தாண்டுவதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.