கால் நன்றாயிருந்தும் நடக்க முடியாதபோது



ஒரு சகோதரியை எங்கள் மருத்துவமனைக்குக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பத்து நாட்களாக வலது கால் அசையவில்லை. அதற்குள் நகையை அடகு வைத்து இரண்டு இடங்களில் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தபின், வீட்டில் ஒருவர் நடிப்பு என்றார், ஒருவர் பேய் என்றார்.

எங்கள் டாக்டர் அந்த ஸ்கேன்களைப் பார்த்துவிட்டு, சகோதரியை மல்லாக்கப் படுக்க வைத்தார். வலது குதிகாலை மெத்தையில் அழுத்தச் சொன்னார், முடியவில்லை. பிறகு இடது காலை மட்டும் தூக்கச் சொல்லி, அதைக் கையால் தடுத்துப் பிடித்தார். உடனே வலது குதிகால் தானாகவே மெத்தையைப் பலமாக அழுத்தியது! அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூவர் 1908இல் எழுதி வைத்த பரிசோதனை இது. செலவு ஒன்றுமில்லை.

நரம்பும் தசையும் நன்றாயிருக்கின்றன. 'காலை அசை' என்று மனம் நினைக்கும்போது மூளையின் கட்டளை தடுமாறுகிறது என்பதே இதன் பொருள். இது நடிப்பல்ல. முன்னாட்களில் ஹிஸ்டீரியா என்று சொல்லிப் பெண்களின் வியாதியாகவே எண்ணினார்கள். முதல் உலகப் போரில் எத்தனையோ போர்வீரர்களுக்கும் இப்படிக் கைகால் விழுந்தது. பலருக்குத் துக்கமோ பயமோ முன்னால் இருக்கும். சிலருக்கு இராது, வழுக்கி விழுந்ததுகூடத் தொடக்கமாகலாம். அதனால்தான் 2013இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல், மனக்காரணம் காட்டியே ஆக வேண்டும் என்ற விதியை நீக்கிவிட்டது.

டாக்டர் அந்தப் பரிசோதனையைச் சகோதரிக்கும் கணவருக்கும் மறுபடி செய்து காட்டினார். 'என் கால் சாகவில்லையா?' என்று அவர்கள் அழுததை நாங்கள் மறக்கவில்லை. பிறகு தினமும் பிசியோதெரபி. காலையே நினைத்து நடந்தால் தடுமாறும். பின்னோக்கியும் பக்கவாட்டிலும், கீர்த்தனை பாடிக்கொண்டும் நடந்தால் கால் வந்தது. மூன்று வாரத்தில் தாமாக நடந்து வீடு சென்றார்கள். களைத்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறதாம்.

உங்கள் காணிக்கை இங்கே பிசியோதெரபி சகோதரரின் சம்பளமாயிற்று. படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப இதில் ஒரு புதுக் கருவியும் இல்லை.

உங்கள் சபையிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்காக ஜெபியுங்கள்; விசுவாசக் குறைவு என்று மட்டும் சொல்லாதிருங்கள். ஆனால் திடீரென்று கைகால் விழுந்தாலோ வாய் கோணினாலோ அது பக்கவாதமாயிருக்கலாம். நீங்களே இன்னதென்று தீர்மானிக்காமல், அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.