வாங்குகிறவர் வீட்டு வாசல்



போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தாயார் என்னிடம் வந்து, "சுவாமி, இனிமேல் தர்ம அரிசி வாங்க என் மகளை அனுப்பமாட்டேன். அவள் வகுப்புப் பிள்ளைதான் அங்கே நின்று அளந்து போடுகிறது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தலை குனிந்து சொன்னார். அளந்து போட்ட பிள்ளையும் நல்ல பிள்ளைதான். அப்படியானால் பிழை எங்கே?

இதை யோசிக்கையில் பிரான்சு தேசத்துக் குருவானவர் ஜோசப் விரெசின்ஸ்கி நினைவுக்கு வந்தார். 1917-ம் ஆண்டு ஆஞ்சே நகரில் மிக வறிய குடும்பத்தில் பிறந்தவர். வாங்குகிறவன் மனம் படும் பாடு அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயமல்ல.

1956-ல் அவர் பாரீசுக்கு அருகே நுவாசி-லெ-கிரான் முகாமுக்கு வந்தார. பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற கொட்டகைகளில், சேற்றின் நடுவே, சுமார் 250 வீடற்ற குடும்பங்கள் அங்கே வசித்தன. தர்மவான்கள் வந்து சூப்பும் பழந்துணியும் கொடுத்துப் போவார்கள். குருவானவர் அந்தச் சூப் வழங்குவதை நிறுத்தினார்! பதிலாக ஒரு நூல்நிலையமும் பாலர் பள்ளியும் ஏற்படுத்தினார். பின்னர் துணி துவைக்க ஓர் இடம், பெண்களுக்குத் தலை அலங்கரிக்க ஓர் இடம். இந்தக் கடைசிக் காரியம் எனக்கு முதலில் ஆடம்பரமாகவே பட்டது. ஆனால், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசும் பெண்ணுக்கு எத்தனை தட்டுச் சூப் கொடுத்தால் அந்தக் கூச்சம் போகும்? 1957-ல் அந்தக் குடும்பங்களோடு சேர்ந்தே ஒரு சங்கமும் ஆரம்பித்தார்.

அடுத்த ஆண்டு அம்முகாமுக்கு ஒரு சீமாட்டி வந்தார். ஜெனரல் தெ கோலின் சகோதரர் மகள் ஜெனவியேவ். யுத்த காலத்தில் ராவென்ஸ்புருக் சிறைமுகாமில் அடைபட்டு, பிழைத்து வந்தவர். அங்கே தம் தோழியர் முகத்தில் கண்ட அதே வேதனையை இந்தக் குடும்பங்களின் முகத்திலும் கண்டார். பார்த்துவிட்டுப் போனவரல்ல, 1964 முதல் 1998 வரை பிரான்சில் அச்சங்கத்தின் தலைவராக இருந்து உழைத்தார்.

வசதியான வீட்டுப் பிள்ளைகளும் ஊழியத்துக்கு வந்தார்கள். குருவானவர் அவர்களை ஏழைகளின் நடுவே குடியிருக்கச் சொன்னார். அன்றன்று கண்டதையும் கேட்டதையும் எழுதி வைக்கவும் சொன்னார். போதிக்க வந்தவர்கள் முதலில் மாணவர் ஆனார்கள். ஒரு வாளித் தண்ணீர் எத்தனை வேலைக்கு வரவேண்டும், கடன்காரன் வரும் நேரத்தில் கதவு ஏன் அடைத்திருக்கிறது என்பதெல்லாம் உடன் இருந்தால்தானே தெரியும்?

எதிர்ப் பக்கமும் உண்டு. 1972 முதல் பாரீசில் அவர் நடத்திய கூட்டங்களில் ஏழைகள் பேசினார்கள். படித்தவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அதுவரை "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வியை மட்டுமே கேட்டுப் பழகியவர்களிடம், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். வசதியுள்ளவர்களும் சாதாரண மனிதர்தாம், அவர்களுக்கும் தெரியாதது உண்டு என்பதை ஏழைகள் அங்கே கண்டார்கள். எனக்கு இதுதான் பெரிய காரியமாகத் தோன்றுகிறது.

1987 அக்டோபர் 17-ல் பாரீசின் திரோக்கதேரோ சதுக்கத்தில், வறுமைக்கு இரையானவர்களின் நினைவாக ஒரு கல் பதிக்கப்பட்டது. மறு ஆண்டு குருவானவர் காலமானார். 1992-ல் ஐக்கிய நாடுகள் சபை அந்தத் தேதியை வறுமை ஒழிப்புத் தினமாக ஏற்றது.

நம் பங்கில் அரிசி கொடுப்பதை நிறுத்தும் யோசனை எனக்கில்லை; பசி காத்திருக்காது. அளந்து போடும் இடத்தில் யார் நிற்பது, எந்த நேரத்தில், எந்த வாசலில் என்பதை வாங்குகிற வீட்டாரையே கேட்டுத் தீர்மானிப்போம். அந்தத் தாயாருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. புதன்கிழமை மாலை அவர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். கையில் ஒன்றும் கொண்டு போகப் போவதில்லை. காப்பி தருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.