நினைவும் எழுத்தும்: ‘மெமென்டோ’ திரைப்படம் – ஓர் ஆய்வு

முன்னுரை

கதை என்றால் தொடக்கம், வளர்ச்சி, முடிவு என்று நேராகச் செல்வதே நாம் பழகிய முறை. அம்முறையைத் தலைகீழாக்கிய ஆங்கிலப் படம், கிறிஸ்டோபர் நோலன் இயக்கத்தில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘மெமென்டோ’. இத்தலைகீழ் அமைப்பு வெறும் புதுமை வேட்கையா, கதைப்பொருளுக்கு இன்றியமையாததா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதைப்பொருள்

லெனர்டு, காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விசாரணையாளனாக இருந்தவன். தன் வீட்டில் புகுந்தவர்கள் தாக்கியதில் தலையில் அடிபடுகிறான். மனைவியைக் கொன்றவனைப் பழிவாங்கவே உயிர் வாழ்வதாக நம்புகிறான். அடிபடுவதற்கு முந்தைய வாழ்வு அவனுக்கு நினைவிருக்கிறது. பிந்தையது எதுவும் சில நிமிடங்களுக்குமேல் தங்குவதில்லை. ஆகவே, சந்திப்பவர்களைப் படம் பிடித்து அதில் குறிப்பு எழுதுகிறான். முக்கியமானவற்றை உடலில் பச்சை குத்திக்கொள்கிறான். நினைவு பொய்க்கலாம், எழுத்து பொய்க்காது என்பது அவன் கொள்கை.

உளவியல் உண்மை

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவில் 1953இல் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய் தீர மூளையில் அறுவை செய்தனர். ‘ஹிப்போகேம்பஸ்’ என்னும் பகுதியின் பெரும்பாகம் அகற்றப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சிகள் அவர் நினைவில் நிற்கவில்லை. ஆயினும், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையும் திறன் அவரிடம் நாளுக்கு நாள் வளர்ந்ததை பிரெண்டா மில்னர் என்னும் உளவியலறிஞர் கண்டறிந்தார். முந்திய நாள் வரைந்ததோ அவருக்கு நினைவில்லை! நினைவு வேறு, பழக்கம் வேறு என்பது இதனால் புலனாயிற்று. லெனர்டும் பழக்கத்தைக் கொண்டே நாளை ஓட்டுகிறான்.

கதையமைப்பு

படத்தின் வண்ணக் காட்சிகள் பெரும்பாலும் முன்னோக்கியே நடக்கின்றன; அடுக்கப்பட்ட வரிசைதான் தலைகீழானது. இடையிடையே வரும் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் நேர்வரிசையில் செல்கின்றன. இரண்டும் இறுதியில் சந்திக்கின்றன. ஒரு காட்சி தொடங்கும்போது லெனர்டு ஓடிக்கொண்டிருக்கிறான். தான் துரத்துகிறோமா, துரத்தப்படுகிறோமா என்று அவனுக்குத் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. நேராகச் சொல்லியிருந்தால் அவனுக்காக இரங்கியிருப்போம். இவ்வமைப்பால் அவன் நிலையையே எய்துகிறோம்.

படத்தின் தொடக்கத்தில் டெடி என்பவனை லெனர்டு சுட்டுக் கொல்கிறான். காரணம் இறுதியில்தான் விளங்குகிறது. உண்மைக் குற்றவாளியை அவன் முன்பே கொன்றுவிட்டதாக டெடி கூறுகிறான். அது மெய்யா என்பதைப் படம் உறுதி செய்யவில்லை. லெனர்டுக்கோ அதை ஏற்க மனமில்லை. டெடியை நம்பலாகாது என்று அவன் படத்தில் எழுதுகிறான். அவனுடைய கார் எண்ணையே குற்றவாளியின் எண்ணாகக் குறித்துக்கொள்கிறான். சில நிமிடங்களில் எழுதிய காரணம் மறந்துவிடும். எழுத்து மட்டும் நிற்கும். அதை நம்பி அவன் கொலை செய்வான்.

தமிழில் 2005இல் வந்த ‘கஜினி’யிலும் நினைவிழப்பும் பச்சைக் குறிகளும் உண்டு. அங்கே மறதி நாயகனுக்கு நேர்ந்த தடை. இங்கே அது அவன் ஒளிந்துகொள்ளும் இடம்.

முடிவுரை

எனவே, இப்படத்தின் அமைப்பும் பொருளும் பிரிக்க இயலாதவை. எழுதியவனிடம் நேர்மை இல்லையேல் எழுத்தும் சான்றாகாது என்பதை இப்படம் உணர்த்துகிறது. ஏடுகளையும் ஆவணங்களையும் நம்பிப் பயிலும் மாணவர்களாகிய நாம், ‘என்ன எழுதியிருக்கிறது?’ என்பதோடு நில்லாமல், ‘யார், எதற்காக எழுதினார்?’ என்றும் கேட்கப் பழகுவோமாக.