விரதம் முடிஞ்ச 49-வது நாள் என்ன செய்யப் போறோம்?

ஓம் சரவணபவ.

வேல்மாறல் 48 நாள் பாராயணம் முடிச்சவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம். அருணகிரிநாதர் பாடிய வேல் வகுப்போட 16 அடிகளை மாற்றி மாற்றி அடுக்கி, 64 அடிகளா நமக்குக் கொடுத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். வேலை கிடைக்கணும், கல்யாணம் நடக்கணும், அம்மாவுக்கு உடம்பு சரியாகணும்னு ஆளுக்கொரு வேண்டுதலோட உட்காருவோம். 48 நாளும் விடியறதுக்கு முன்னாடி எழுந்திருப்போம். அசைவம் தொடமாட்டோம். கோபம் வந்தாக்கூட "விரதத்துல இருக்கோம்"னு வாயை அடக்கிக்குவோம்.

49-வது நாள்? அலாரத்தை அணைச்சிட்டுத் திரும்பிப் படுத்துடுவோம்.

வேண்டுதல் எப்போ நிறைவேறணும்ங்கிறது முருகன் கையில இருக்கு. ஆனா அந்த 48 நாள்ல நமக்குள்ள வந்த ஒழுங்கு இருக்கே, அது ஏற்கனவே கைக்கு வந்துட்ட பிரசாதம். அதை வீட்டுக்குக் கொண்டு வராம கோயில் வாசல்லயே வச்சிட்டு வந்துடக் கூடாது.

*48 நாள் எப்படி முடிஞ்சது?*

நல்லா யோசிச்சுப் பாருங்க. அந்த 48 நாளும் உங்களுக்கு உற்சாகம் இருந்துச்சா? இருந்திருக்காது. தூக்கம் கண்ணைச் சுத்தின நாளும் உண்டு. இருந்தும் முடிச்சீங்க. ஏன்னா விரதத்தோட அமைப்பு அப்படி.

நேரம் முடிவாகியிருந்தது. இடம் முடிவாகியிருந்தது. குளிச்சு, விளக்கேத்தினா அடுத்து பாராயணம்தான்னு மனசுக்குத் தெரியும். அளவும் தெளிவு: 64 அடி முடிஞ்சா இன்னைக்கான கடமை முடிஞ்சது. வீட்ல எல்லாருக்கும் தெரியும்ங்கிறதால, ஏமாத்தவும் முடியாது.

இப்போ நாம படிப்புக்கும் வேலைக்கும் எடுக்கிற சபதத்தைப் பாருங்க. "நாளையில இருந்து தினமும் மூணு மணி நேரம் படிப்பேன்." எப்போ? தெரியாது. எங்கே? தெரியாது. எதுல ஆரம்பிச்சு எதுல நிறுத்தணும்? அதுவும் தெரியாது. நாலாவது நாள் அது நின்னு போறதுக்கு நம்ம சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்ல. விரதத்துக்குக் கொடுத்த அமைப்பை நாம அதுக்குக் கொடுக்கல.

அதனால 49-வது நாள் விளக்கை ஏத்துங்க. முழுப் பாராயணம் முடியலன்னா ஒரு திருப்புகழ் போதும். முடிச்சு எழுந்ததும் நேரா மேசைக்குப் போய் உங்க வேலைக்கான ஒரே ஒரு சின்ன விஷயம். நான் எஸ்கியூஎல் கத்துக்கிட்டது இப்படித்தான். தினம் ஒரு கேள்வி, அதிகபட்சம் 15 நிமிஷம். இன்டர்வியூவுக்குத் தயாராகிறவங்க ஒரு பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். அரசுத் தேர்வு எழுதறவங்க பத்து பழைய வினாக்கள் போடலாம். விளக்குதான் ஆரம்ப மணி. தனியா ஒரு நேரம் தேட வேண்டியதில்ல.

*எத்தனை நாள் ஆகும்?*

"21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்"னு எல்லாரும் சொல்றாங்க. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்ங்கிற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல எழுதின புத்தகத்துல இருந்து பரவின எண் அது. ஆபரேஷன் ஆனவங்க தங்களோட புது முகத்துக்குப் பழக, குறைஞ்சது சுமார் 21 நாள் ஆகுதுன்னு அவர் கவனிச்சார். எல்லாப் பழக்கத்துக்கும் அதுதான் கணக்குன்னு பிறகு ஆக்கிட்டாங்க.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனிச்சு, 2009-ல முடிவை வெளியிட்டாங்க. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற பழக்கமா மாற நடுத்தரமா 66 நாள் ஆச்சு. ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் கணக்கு வந்தது. அப்படின்னா நம்ம 48 நாள் நல்ல அஸ்திவாரம். வீடு கட்டி முடிக்க இன்னும் கொஞ்ச நாள் வேணும். 49-வது நாள் நிறுத்தறது, அஸ்திவாரம் போட்டுட்டு ஊரை விட்டுப் போற மாதிரி.

*ஒரு நாள் விட்டுப்போனா?*

ஒரு தம்பி என்கிட்ட கேட்டான்: "அண்ணா, 31-வது நாள் நைட் ஷிஃப்ட்ல விட்டுப்போச்சு. முருகன் கோபப்படுவாரா? எல்லாம் வீணா?" அந்தப் பயத்துலயே அதுக்கப்புறம் அவன் உட்காரவே இல்ல. ஒரு நாள் விட்டதால இல்ல, அந்தப் பயத்தால போனது மீதி 17 நாள்.

விரத நியமத்துக்கு உங்க வீட்டுப் பெரியவங்க சொல்றதைக் கேளுங்க. ஆனா ஒண்ணு கவனிங்க. மாதவிலக்கு நாட்கள்ல நிறுத்தி, பிறகு விட்ட எண்ணிக்கையில இருந்தே தொடர்றது நிறைய வீடுகள்ல வழக்கம்தானே. நின்னு தொடரலாம்ங்கிறது நம்ம மரபுலயே இருக்கு. லண்டன் ஆய்வுலயும் ஒரு நாள் தவறினது பழக்கம் உருவாகறதைப் பெருசா பாதிக்கல. பிள்ளை ஒரு நாள் வரலன்னு கதவைச் சாத்துற அப்பன் இல்ல நம்ம முருகன். மறுநாள் போய் உட்காருங்க.

*சஷ்டிக்குச் சஷ்டி ஒரு பார்வை*

சாஃப்ட்வேர்ல நாங்க பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து, எது சரியா நடந்தது, எதை மாத்தணும்னு பேசுவோம். நம்ம காலண்டர்ல அது ஏற்கனவே இருக்கு. வளர்பிறை சஷ்டி, தேய்பிறை சஷ்டின்னு ஏறக்குறைய 15 நாளைக்கு ஒரு சஷ்டி வருது. அன்னைக்கு சாயங்காலம் மூணே கேள்வி: எத்தனை நாள் செஞ்சேன்? எந்த நாள் தடைபட்டது, ஏன்? அளவைக் குறைக்கணுமா, நேரத்தை மாத்தணுமா? கூட்டணும்னு தோணினா அவசரப்படாதீங்க. கிருத்திகை 27 நாளைக்கு ஒரு முறை வரும். அது வரைக்கும் நிலையா இருந்தா மட்டும் கொஞ்சம் கூட்டுங்க.

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்தோட 365 நாளுக்குன்னு சொல்வாங்க. டிசம்பர் 31 அன்னைக்கு நடக்கிற படித்திருவிழாவுல ஒவ்வொரு படியிலும் நின்னு ஒரு திருப்புகழ் பாடி, சூடம் ஏத்தி, அப்புறம்தான் அடுத்த படிக்குப் போவாங்க. இந்த விழாவை ஆரம்பிச்சு வச்சவரும் அதே வள்ளிமலை சுவாமிகள்தான். 48-வது படியில யாரும் இறங்கி வர்றதில்ல.

இன்னைக்கு ராத்திரி ஒரு தாள்ல ஒரே ஒரு வரி எழுதி பூஜை அறையில வைங்க: "விளக்கேத்தி முடிச்சதும், இந்த இடத்துல உட்கார்ந்து, இதைச் செய்வேன்." எதுன்னு நீங்களே நிரப்பிக்கோங்க. 15 நிமிஷத்துக்கு மேல போற எதையும் எழுதாதீங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!