இலையின் விலையும் அறிவின் விலையும்



ஓடைப்பட்டி என்று சொன்னதும் வெளியூரார் கேட்பது திராட்சையைப் பற்றித்தான். நம் ஊர்ப் பந்தல்களில் விளையும் விதையில்லாத் திராட்சையை விதை போட்டு வளர்க்க முடியாது. பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. கவாத்துச் சமயத்தில் வெட்டிய குச்சியை நட்டுத்தான் புதுக்கொடி உண்டாக்குகிறார்கள். ஒரு தோட்டத்தில் கொடி நன்றாகக் காய்த்தால் அடுத்த தோட்டத்துப் பெரியப்பா வந்து, "நாலு குச்சி குடுப்பா" என்று கேட்பார். காசு பேசுவதில்லை. அடுத்த வருஷம் அவரிடம் நாம் வேறொன்று கேட்போம்.

கேட்பவர் அடுத்த தோட்டத்துக்காரராக இல்லாமல் ஆயிரம் மைல் தொலைவிலுள்ள ஒரு கம்பெனியாக இருந்தால் என்ன செய்வது? கொண்டுபோன செடியிலிருந்து அவர்கள் ஒரு மருந்து செய்து கோடிக்கணக்கில் விற்றால் நமக்கு அதில் பங்கு உண்டா? இக்கேள்வியை நாங்கள் சில மாதங்களாகப் படித்து வருகிறோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் மரபு வளம் என்பது யாது என்று காண்போம். செடி, விலங்கு, நுண்ணுயிர் ஆகிய எல்லாவற்றின் உடலிலும் அவற்றின் குணங்களைத் தலைமுறைக்குத் தலைமுறை கடத்தும் மரபுக் கூறுகள் உள்ளன. மனிதனுக்குப் பயன்படக்கூடிய மரபுக் கூறுகளை உடைய பொருளே மரபு வளம். ஒரு கைப்பிடி நெல்லும் ஒரு துண்டு இஞ்சிக் கிழங்கும் ஏலச்செடியின் ஒரு பக்கக் கன்றும் மரபு வளமே. இவற்றோடு ஒட்டியிருப்பது, இது எதற்கு உதவும் என்ற அறிவு. அந்த அறிவு பெரும்பாலும் புத்தகத்தில் இல்லை. நம் பாட்டிமார் நாவில் இருக்கிறது.

நாவில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு மஞ்சளின் கதையே சாட்சி. 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கு, மஞ்சள் தூளால் புண் ஆற்றும் முறைக்கென்று காப்புரிமை கிடைத்தது. அரைத்த மஞ்சளைக் காயத்தில் அப்பாத தாய் நம் நாட்டில் உண்டா? ஆயினும் "எங்கள் பாட்டி செய்தாள்" என்று எழுதி அனுப்பினால் காப்புரிமை அலுவலகம் ஏற்பதில்லை. அச்சிட்ட சான்று வேண்டும். நம் நாட்டு அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு பழைய மருத்துவ நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் திரட்டிக் காட்டி வாதாடிய பிறகே 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. வேம்புக்கு இன்னும் நெடுநாள் ஆயிற்று. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-இல் வழங்கியதை 2000-இல் நீக்கியது. மேல்முறையீடு 2005-இல்தான் முடிந்தது.

இவை பறிபோனதைத் தடுத்த கதைகள். பங்கு கொடுத்த கதை ஒன்று உண்டு. உலகமெங்கும் இப்பாடத்தைப் படிப்பவர்கள் முதலில் படிப்பது அதைத்தான். அது நடந்ததோ நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், அகத்தியமலைக் காடுகளில்.

1987-ஆம் ஆண்டு இறுதியில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் சிலர் அங்கே மலையேறினார்கள். வழிகாட்டியவர்கள் காணிப் பழங்குடியினர். ஏற ஏற விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. காணிகளோ சோர்வே இல்லாமல் நடந்தார்கள்; நடந்தபடியே ஏதோ சிறு காயை மென்றுகொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டபோது முதலில் சொல்லவில்லை. வெளியாரிடம் சொல்லக்கூடாத செய்தி அது. பலமுறை கேட்டு, தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி கூறிய பின்னரே செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்று அவர்கள் அழைக்கும் சிறு செடி அது. காட்டு நிழலில் தரையோடு வளர்வது.

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் அச்செடியை ஆராய்ந்தார்கள். காணிகள் தின்றது காயை. விஞ்ஞானிகள் மருந்துக்கு எடுத்துக்கொண்டது இலையை. அதனோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உரிமம் தரப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை தனி. இவ்விரண்டிலும் பாதியைக் காணிகளுக்குக் கொடுப்பதென்று நிலையம் தீர்மானித்தது. அப்படிக் கொடுக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்த அந்நாளில் இந்தியாவில் எச்சட்டமும் இல்லை என்பதை நாம் மறக்கக்கூடாது.

கொடுக்கத் தீர்மானித்தாயிற்று, யாரிடம் கொடுப்பது? அங்கேதான் சிக்கல் எழுந்தது. காணிகள் காட்டில் சிதறிய பல குடியிருப்புகளில் வாழ்பவர்கள். எல்லார் பெயராலும் பணம் வாங்கிக் கணக்கு வைக்க ஓர் அமைப்பு இல்லை. 1997 நவம்பரில் கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டு, 1999-இல்தான் அதன் வங்கிக் கணக்கிற்கு ஐந்து லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் வந்து சேர்ந்தது. உரிமம் கொடுத்து நான்கு வருஷங்கள் கழிந்துவிட்டன. அறிவைச் சொன்னவர்களுக்கு அதில் ஒரு பகுதி வெகுமதியாகத் தரப்பட்டது.

எல்லாக் காணிகளும் மகிழ்ந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். செய்தியைச் சொன்னவர்கள் ஒரு பகுதிக் குடியிருப்பினர். வேறு பகுதிகளைச் சேர்ந்த காணி வைத்தியர்கள் சிலர், எங்கள் எல்லாருடைய அறிவையும் தனியார் கம்பெனிக்கு விற்கச் சம்மதியோம் என்று 1995-இலேயே கேரள முதலமைச்சருக்கு எழுதினார்கள். எங்கள் கருத்தில் அவர்கள் கேட்டது நியாயமே. சம்மதம் கேட்கவேண்டியது வழிகாட்டிய இரண்டு மூன்று பேரிடமா, முழுச் சமுதாயத்திடமா? அன்று அதைக் கேட்க ஒரு முறையே வகுக்கப்படவில்லை.

இலைக்கும் தட்டுப்பாடு வந்தது. காட்டு நிழலைவிட்டுப் பெயர்த்தால் செடியின் மருந்துக்குணம் நிலைப்பதில்லை. காட்டில் பயிரிட்டால், வனத்துறை அனுமதி வேண்டும், அனுமதியோ இழுபறியாயிற்று. செடியை வேரோடு பிடுங்கிக் கடத்துவாரும் கிளம்பினர். 2002-இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஈக்குவேட்டர் பரிசு இம்முயற்சிக்குக் கிடைத்தது; ஆனால் மருந்துத் தொழில் எதிர்பார்த்தபடி வளரவில்லை. மேலும் ஒன்று: ஆரோக்கியப்பச்சை வளரும் மலையின் கிழக்குச் சரிவு நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அங்கும் காணிகள் வாழ்கிறார்கள். அறக்கட்டளையோ கேரளத்தினுடையது. மலைக்கு நடுவில் கோடு போட்டது அரசாங்கம். செடிக்கும் காணிக்கும் அக்கோடு தெரியாது. குமுளிக்கும் போடிமெட்டுக்கும் அருகில் வாழும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1992-இல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் உயிரியல் பன்மய உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1993 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை செடிகொடிகள் மனித குலத்தின் பொதுச்சொத்து என்று பேசி, பணக்கார நாடுகள் வேண்டியதை எடுத்துச் சென்றன. அந்தந்த நாட்டின் உயிர்வளத்தின்மீது அந்தந்த நாட்டிற்கே இறையாண்மை உண்டென்று இவ்வுடன்படிக்கை கூறியது. அதன் வழியில் 2010-இல் ஜப்பானின் நகோயா நகரில் ஒரு நெறிமுறை ஏற்கப்பட்டு 2014-இல் நடைமுறைக்கு வந்தது. எடுக்குமுன் விவரம் சொல்லிச் சம்மதம் பெறவேண்டும்; இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனை வேண்டும்; வரும் பயனை நியாயமாகப் பகிரவேண்டும். இவையே அதன் சாரம். காணிகள் விஷயத்தில் மூன்றாவது நடந்தது, முதலாவது அரைகுறையாக நடந்தது என்று சொல்லலாம்.

நம் நாட்டில் 2002-இல் உயிரியல் பன்மயச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த தேசிய உயிரியல் பன்மய ஆணையம் தில்லியில் இல்லை. நம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. வெளிநாட்டார் நம் உயிர்வளத்தைப் பெற அதன் முன்அனுமதி வேண்டும். உள்நாட்டுக் கம்பெனிகளும் பங்கு தரவேண்டுமா என்ற வழக்கில், தரவேண்டும் என்று 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பங்கு எவ்வளவு? எங்கள் வகுப்பில் கணக்கே போட்டுப் பார்த்தோம். 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆண்டு விற்பனை 1 கோடிக்கு மேல் 3 கோடி வரை உள்ள கம்பெனி விற்பனையில் 0.2 விழுக்காடு தரலாம் என்றிருந்தது. 2 கோடிக்கு விற்றால் பங்கு 40,000 ரூபாய். மாநில வாரியம் 5 விழுக்காட்டிற்கு மேற்படாமல், அதாவது 2,000 ரூபாய் வரை வைத்துக்கொண்டு, மீதி 38,000 ரூபாயைச் செடி கிடைத்த ஊருக்குத் தரவேண்டும். செடி பத்து ஊரிலிருந்து வந்திருந்தால் ஊருக்கு 3,800. "இவ்வளவுதானா?" என்று ஒருத்தி கேட்டாள். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. 2025-இல் புதிய விதிகள் வந்து அளவுகள் மாறிவிட்டன. ஆனால் விழுக்காடு இன்னமும் ஒன்றைத் தொடவில்லை.

எல்லாவற்றிற்கும் பங்கு கேட்க முடியாது என்பதையும் அறிவோமாக. போடிநாயக்கனூரில் ஏலத்தில் விடும் ஏலக்காயைச் சமையலுக்கு வாங்குபவர் யாருக்கும் பங்கு தரவேண்டியதில்லை. அது வாணிபப் பண்டம். அதே ஏலச்செடியை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுபோய் அதன் மரபுக்கூறில் ஒரு கண்டுபிடிப்புச் செய்து காப்புரிமை கேட்டால் அப்போது சட்டம் குறுக்கே நிற்கும். ஊர் வைத்தியர்களுக்கு விலக்கு உண்டு. 2023-இல் வந்த திருத்தச் சட்டம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும் பங்கு கொடுப்பதிலிருந்து விலக்களித்தது. இது எங்களுக்கு உறுத்துகிறது. சித்த மருத்துவ நூலில் ஏறிவிட்ட செடிக்குப் பங்கு இல்லை. ஏறாத அறிவுக்கு மட்டும் உண்டு. நேற்றுவரை எழுதி வைத்தால்தான் காப்பு என்றோம். இன்று எழுதியதற்குப் பங்கு இல்லை என்கிறோம்.

ஏலக்காய் என்றதும் இன்னொன்று நினைவிற்கு வருகிறது. நம் பகுதிப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிப்போய் வேலை செய்யும் இடுக்கித் தோட்டங்களில் 'ஞள்ளானி' என்ற ரகமே பெரும்பாலும் இருக்கிறது. அதை உண்டாக்கியது ஆராய்ச்சி நிலையமன்று. கட்டப்பனைப் பக்கத்து ஓர் எளிய விவசாயக் குடும்பம். நன்கு காய்த்த தூரைத் தேர்ந்து, பக்கக் கன்று பிரித்து நட்டுப் பெருக்கினார்கள். கன்று கைமாறிக் கைமாறி மலை முழுதும் பரவியது. விளைச்சல் பன்மடங்காயிற்று. பாராட்டு கிடைத்தது, மற்றவர் தோட்டத்து லாபத்தில் ஒரு பங்கும் வரவில்லை. விவசாயி உருவாக்கிய ரகத்தை அவர் பெயரிலேயே பதிவு செய்யும் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் 2001-இல்தான் வந்தது. அதற்குள் ஞள்ளானி எல்லாருடையதும் ஆகிவிட்டது.

நம் திராட்சையின் கதை இதைவிட வேடிக்கை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டிற்கு அதைக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்வார்கள். உலகத்தார் அதை அழைப்பதோ ஜெர்மன் நகரத்தின் பெயரால், மஸ்கட் ஹாம்பர்க் என்று. விதையில்லாத் 'தாம்சன்' ரகம் கலிபோர்னியாக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் மேற்காசியாவில் அவருக்கு நெடுங்காலம் முன்பே கிஷ்மிஷ், சுல்தானா என்ற பெயர்களில் விளைந்தது. அதிலிருந்து மகாராஷ்டிர விவசாயிகள் தம் பந்தலிலேயே கண்டு தேர்ந்தவை தாஸ்-ஏ-கணேஷ், சோனாகா, மாணிக் சமன் முதலியன. ஆகவே பங்கு கேட்கும் நாம் பங்கு கொடுக்கவேண்டியவர்களும் ஆவோம். பழைய கணக்கைத் தீர்க்க யாராலும் இயலாது. இனி எடுப்பதற்காவது கணக்கு வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம்.

அக்கணக்கு எழுதவேண்டிய இடம் ஊர். ஒவ்வொரு உள்ளாட்சியிலும், நம் ஓடைப்பட்டி போன்ற பேரூராட்சியிலும், உயிரியல் பன்மய மேலாண்மைக் குழு அமையவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2004-ஆம் ஆண்டு விதிகள் அதில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்கவேண்டும் என்றன. குழுவின் முதல் வேலை மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுவது. பல ஊர்கள் எழுதாமலிருக்கவே, 2020 ஜனவரி 31-க்குள் முடிக்கவேண்டும், தவறினால் மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. நாடெங்கும் பதிவேடுகள் அவசரமாக எழுந்தன. அவசரப் பதிவேடு எப்படியிருக்கும் என்பது பரீட்சைக்கு முந்தின இரவு ரெக்கார்டு நோட்டு எழுதும் நமக்குத் தெரியாததன்று.

நல்ல பதிவேட்டில் செடியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஊரார் அழைக்கும் பெயர், எந்த ஓடைக்கரையில் எந்த மாதம் கிடைக்கும், எதற்கு உதவும், சொன்னவர் யார், இவை வேண்டும். பக்குவம் பரம்பரை இரகசியமாயின் அதை வெளியிட எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. இன்னாருக்கு இன்ன வைத்தியம் தெரியும் என்பதை மட்டும் குறித்து நிறுத்தலாம். வெளியிலிருந்து ஒருவர் வந்து இலை கேட்டால் நாம் கேட்கவேண்டியவை: நீங்கள் யார், எதற்கு, எவ்வளவு, வாரியத்தின் கடிதம் எங்கே, ஆராய்ச்சியின் முடிவை எங்களுக்குத் தமிழில் சொல்வீர்களா? இக்கேள்விகளைக் கேட்கத் தெரிவதைத்தான் பெரிய மாநாடுகளில் திறன் வளர்த்தல் என்கிறார்கள்.

இவ்வாண்டு விடுமுறையில் நாங்கள் ஆளுக்கொரு நோட்டுடன் அவரவர் தெருவிலிருந்து தொடங்கப்போகிறோம். முதல் பக்கத்தில் எழுதவேண்டியது சொல்பவரின் பெயரும், எழுதச் சம்மதமா என்ற கேள்விக்கு அவர் தந்த பதிலும்.