வெளிநாட்டு உறவுகள் அரசாங்கப் பாதுகாப்புச் சோதனைக்குத் தடையா?

கேள்வி: பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டத்தில் பிறந்த மலேசியக் குடிமகன் ஒருவர், இரகசிய ஆவணங்களைக் கையாளும் அரசாங்கப் பதவிக்கு விண்ணப்பித்துள்ளார். மனைவி திருச்சியைச் சேர்ந்த இந்தியக் குடிமகள். அண்ணன் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர். சித்தப்பா குடும்பம் தமிழ்நாட்டில் இருக்கிறது. இந்த உறவுகளால் அவர் தகுதி இழப்பாரா?

பதில்: வெளிநாட்டில் உறவினர் இருப்பது மட்டும் தகுதியைப் பறிக்காது. அப்படிப் பறிக்கும் பிரிவு எதுவும் கூட்டரசு அரசமைப்பிலும் இல்லை, 1972ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டத்திலும் இல்லை. ஆனால் அந்த உறவுகள் எடைபோடப்படும்.

இரகசியச் சட்டம் ஆவணங்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. இரகசியத்தைச் சட்டவிரோதமாக வெளியிடுவோருக்கு 8ஆம் பிரிவு 1 முதல் 7 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. அதனால்தான் ஆவணம் கைக்கு வரும் முன்பே ஆளின் பின்னணி பார்க்கப்படுகிறது. ‘தாப்பிசான் கெசெலாமாத்தான்’ எனப்படும் இச்சோதனை, பிரதமர் துறையின் கீழுள்ள அரசாங்கத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகத்தின் பொறுப்பு.

அரசமைப்பின் 8(2) பிரிவு, அரசாங்க வேலை நியமனத்தில் மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக வைத்துக் குடிமக்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பேராக் தோட்டக் குடும்பங்களுக்கு இது முக்கியம். 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதோருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பலர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. குடும்பம் அப்படிப் பிரிந்தது யாருடைய விசுவாசத்துக்கும் களங்கம் ஆகாது.

வாழும் உறவுகளின் வெளிநாட்டுக் குடியுரிமை வேறு விஷயம்; 8(2) அதை நேரடியாகக் காக்காது. இங்கு எழும் கேள்வி ஒன்றுதான்: அந்த உறவைப் பிடித்து விண்ணப்பதாரரை யாராவது நெருக்கவோ வளைக்கவோ முடியுமா? அமெரிக்காவில் 2017 முதல் நடப்பிலுள்ள பாதுகாப்புச் சோதனை வழிகாட்டி நெறியும் இதையே கேட்கிறது: உறவு எவ்வளவு நெருக்கம், உறவினர் அந்நாட்டு அரசுப் பணியிலோ இராணுவத்திலோ உளவுத் துறையிலோ இருக்கிறாரா, சொத்தோ பணமோ அங்கே கட்டுண்டு கிடக்கிறதா. இந்த அளவுகோலில் தீபாவளிக்கு மட்டும் பேசும் சித்தப்பாவின் எடை குறைவு. ஒரே வீட்டில் வாழும் மனைவியின் எடை அதிகம்.

ஆகவே திருமணப் பதிவு ஒழுங்காக இருக்க வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் கீழ் கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. திருச்சியில் நடந்த திருமணமானாலும் அதை மலேசியச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும்.

ஊருக்குப் பணம் அனுப்புவது குற்றமல்ல. ஈப்போ லிட்டில் இந்தியாவில் பணம் அனுப்பிய ரசீதுகளைத் தேதிவாரியாக வைத்திருந்தால், யாருக்கு, எதற்கு என்ற கேள்விக்கு அவையே பதில். நன்கொடையில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. விடுதலைப் புலிகள் அமைப்பை மலேசியா 2014இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலிடப்பட்ட அமைப்புக்குச் செல்லும் பணம் குடும்ப உதவி ஆகாது, குற்றமாகும்.

விண்ணப்பதாரரின் சொந்தக் குடியுரிமை தனி. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் மலேசியக் குடியுரிமையை அரசமைப்பின் 24ஆம் பிரிவின்படி அரசாங்கம் பறிக்கலாம். வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா வழங்கும் ஓ.சி.ஐ. அட்டை வாக்குரிமை தராது. இந்தியச் சட்டப்படி அது முழுக் குடியுரிமையும் அல்ல. இருந்தாலும் கைவசம் இருந்தால் தெரிவித்துவிட வேண்டும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதிப் பரிசீலனை கோரலாம். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53ஆவது கட்டளைப்படி அதற்கு மூன்று மாதக் காலக்கெடு உண்டு. பாதுகாப்பு ஆபத்தை நீதிபதிகள் தாங்களே எடைபோடத் தயங்குவார்கள்; முடிவெடுத்த நடைமுறை முறையானதா என்பதையே பெரும்பாலும் பார்ப்பார்கள்.

சோதனைப் படிவத்தில் உறவை மறைப்பதுதான் உண்மையான ஆபத்து. பொது ஊழியருக்குத் தெரிந்தே பொய்த் தகவல் தருவது தண்டனைச் சட்டத்தின் 182ஆம் பிரிவின்படி குற்றம். விளக்கிச் சொன்ன உறவு பரிசீலிக்கப்படும். மறைத்த உறவு பின்னாளில் வெளிப்பட்டால் நேர்மையே கேள்விக்குள்ளாகும். கேட்கப்பட்ட உறவுகள் அனைத்தையும் ஒளிவுமறைவின்றி எழுதி, உரிய ஆவணங்களை இணைத்து அனுப்புவதே விண்ணப்பதாரருக்குப் பாதுகாப்பு.